தாய்வழிச் சொத்து

மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழு நண்பர் போன் செய்தபோது, "ஹாஸ்டல் நினைவுகள் நிறைய வந்து குவிஞ்சிருக்கு, வேற எதாவது எழுதுங்க, அறிவியல்னா ரொம்ப நல்லது" என்றார். நான் மெக்கானிக்கல் படித்தவன். நீர்மின் நிலையங்களில் டர்பைன் பராமரிப்புதான் என் பிழைப்பு. ஆனாலும் ஹாஸ்டலும் அறிவியலும் ஒன்றாகக் கலந்த ஒரு விஷயம் என்னிடம் பல வருஷமாகக் கிடக்கிறது. அதைச் சொல்ல இந்த மலரைவிட நல்ல இடம் கிடைக்காது.

"செல்லின் ஆற்றல் நிலையம் எது?" என்று ஒரு மார்க் கேள்வி பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? "மைட்டோகாண்ட்ரியா" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் போனேன். திரும்பி வரவைத்தது என் அண்ணனின் கண்.

நடுவில் ஒரு மங்கல்

அண்ணன் என்றால் பெரியம்மா மகன். என்னைவிட ஐந்து மாதம் மூத்தவன். இருவருக்கும் கீழப்பாவூர்தான் ஊர். பெரியகுளத்துக் கரையில் சேர்ந்து வளர்ந்து, 2005-ல் சேர்ந்தே நம் கல்லூரிக்கு வந்து, ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தோம். எங்கள் செட்டுக்காரர்களுக்கு அவனை மறந்திருக்காது.

2008 ஆகஸ்ட். ஊரில் சாரல் காலம். விடுமுறைக்குப் போய்த் திரும்பிய ராத்திரி அவன் சொன்னான்: "வலது கண்ணுல நடுவுல மட்டும் கட்டைவிரல வச்சு மறைச்ச மாதிரி இருக்குலே. வலி ஒண்ணும் இல்ல." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ராத்திரி பூரா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா அப்படித்தான் இருக்கும். படுத்துத் தூங்கு."

தீபாவளி வருவதற்குள் இடது கண்ணிலும் அதே மங்கல். போர்டில் எழுதுவது தெரியவில்லை, டிராயிங் ஷீட்டில் கோடு தெரியவில்லை. வராண்டாவில் எதிரே வருகிறவர்களைக் கண்டும் காணாமல் போக ஆரம்பித்தான். "அவனுக்குத் திமிரு ஏறிப் போச்சு" என்று பேச்சு வந்தது. மாடல் தேர்வில் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தபோது, "சோம்பேறித்தனம்" என்று நானே முகத்துக்கு நேராகச் சொன்னேன். 2009 ஜனவரியில் ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. டிகிரியும் முடிக்கவில்லை. ஏன் வரவில்லை என்று அன்றைக்கு யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

கண்ணாடியை இரண்டு தடவை மாற்றினார்கள். ஒரு டாக்டர், கண் நன்றாகத்தான் இருக்கிறது, பரீட்சை பயம் என்றார். பதினாறு கை நரசிம்மர் கோயிலில் பெரியம்மா நேர்ந்துகொண்டாள். கடைசியில் மதுரைக்குப் போய் ரத்தம் கொடுத்து, சில வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. லீபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோய் என்று போட்டிருந்தது. "இது தாய் வழியா வர்றதும்மா" என்று அங்கே ஒரு வரி சொன்னார்கள்.

அந்த ஒரு வரி, நாங்கள் ஊர் வந்து சேரும் முன்பே வந்து சேர்ந்துவிட்டது. "பெத்தவ கொடுத்த வினை" என்றார்கள். பெரியம்மா மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. பெரியம்மா கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டாள். எங்கள் வீட்டிலும் பேச்சு குறைந்தது. ஏனென்றால் என் அம்மா அவளுக்குக் கூடப்பிறந்த தங்கை. தாய் வழி என்றால் எங்களுக்கும் அதே வழிதானே?

மருமக்கள்வழி

என்ன ஏது என்று தெரிந்துகொள்ள நான் புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன். முதலில் புரிந்தது இந்தத் தாய்வழிக் கணக்கு. நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

செங்கோட்டைத் தாலுகா 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அந்தச் சமஸ்தானத்தில் நாயர் குடும்பங்களிலும் நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் மருமக்கள்வழிச் சொத்துரிமை இருந்ததை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ஆண்மகனுக்குத் தாய் வீட்டுச் சொத்தில் அனுபவ பாத்தியதை உண்டு. ஆனால் அவனுக்குப் பிறகு அது அவன் பிள்ளைகளுக்குப் போகாது, அவன் சகோதரி பிள்ளைகளுக்குத்தான் போகும்.

மைட்டோகாண்ட்ரியா அச்சு அசல் மருமக்கள்வழிதான். நம் குணங்களைத் தீர்மானிக்கும் டி.என்.ஏ. செல்லின் உட்கருவில் இருக்கிறது. அதில் பாதி அப்பா கொடுத்தது, பாதி அம்மா கொடுத்தது. ஆனால் உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் கொஞ்சம் டி.என்.ஏ. தனியாக இருக்கிறது. கருமுட்டை தன்னிடம் உள்ள மைட்டோகாண்ட்ரியாக்களைக் குழந்தைக்குக் கொடுக்கிறது. விந்தணு கொண்டுவரும் கொஞ்சத்தை முட்டை அழித்துவிடுகிறது. அதனால் மகன், மகள் இருவருக்கும் அம்மாவிடமிருந்துதான் வரும். மகள் மேற்கொண்டு கொடுப்பாள், மகன் கொடுக்க மாட்டான்.

அந்தத் தனி டி.என்.ஏ. முழுவதையும் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 1981-ல் படித்து முடித்தார்கள். மொத்தம் 16,569 எழுத்து, 37 மரபணு. என் அண்ணனுக்கு அதில் 11,778-வது எழுத்து மாறியிருந்தது. அவ்வளவுதான், ஒரே ஒரு எழுத்து. தியோடர் லீபர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இந்த நோயை 1871-லேயே விவரித்திருந்தார். இளவயது ஆண்களை அதிகம் தாக்குகிறது, அவர்களோ தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை, இது என்ன கணக்கு என்று பல காலம் குழம்பினார்கள். 1988-ல்தான் டக்ளஸ் வாலஸ் குழுவினர் அமெரிக்காவில் அந்த 11,778-வது எழுத்தைக் கண்டுபிடித்தார்கள். விவரித்ததற்கும் விடைக்கும் நடுவே 117 வருஷம்.

சரி, உட்கருவில் அத்தனை பெரிய நூலகம் இருக்கும்போது, செல்லின் ஒரு மூலையில் கிடக்கிற இந்தச் சின்னப் பொருளுக்கு மட்டும் எதற்குத் தனி ஏடு? அங்கேதான் வரலாறு ஆரம்பிக்கிறது.

குடிவந்தவர்

ஜெர்மனியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஆல்ட்மன் 1890-ல், செல்லுக்குள் தெரியும் சின்னச் சின்னத் துகள்கள் தனி உயிர்கள் மாதிரி இருக்கின்றன என்று எழுதினார். 1898-ல் கார்ல் பெண்டா அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் இழை, மணி என்ற இரண்டு சொல்லைச் சேர்த்த பெயர் அது. நம் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் 'இழைமணி' என்று இருந்ததே, அது அப்படியே நேர்ப்பொருள். நானும் இனி இழைமணி என்றே எழுதுகிறேன்.

1905-ல் ரஷ்யாவின் மெரெஷ்கோவ்ஸ்கி, இலையைப் பச்சையாக்கும் பசுங்கணிகம் முன்னொரு காலத்தில் தனியாகத் திரிந்த நீலப்பச்சைப்பாசி என்றார். 1927-ல் அமெரிக்காவின் ஐவன் வாலின் இழைமணியும் ஒரு பாக்டீரியாதான் என்று புத்தகமே போட்டார். இழைமணியைச் செல்லுக்கு வெளியே எடுத்துத் தனியாக வளர்த்துவிட்டதாகவும் சொன்னார். அது தவறு. அந்தத் தவறால், சரியாகச் சொன்னதையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள்.

1963-ல் ஸ்டாக்ஹோமில் மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் தம்பதியர் இழைமணிக்குள் டி.என்.ஏ. நூல்கள் இருப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். பிறகு வந்தார் லின் மார்குலிஸ். வயது 29. எல்லாத் தடயங்களையும் சேர்த்து அவர் எழுதிய கட்டுரையைப் பதினைந்து பத்திரிகைகள்போலத் திருப்பி அனுப்பின. 1967-ல் ஒரு பத்திரிகை வெளியிட்டது. இன்றைக்கு அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுத் திரும்பி வருகிற மாணவத் தம்பி தங்கைகள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மார்குலிஸ் சொன்னதன் சாரம் இது. சுமார் 150 முதல் 200 கோடி வருஷத்துக்கு முன்னால், ஒரு நுண்ணுயிரின் உள்ளே இன்னொரு நுண்ணுயிர் புகுந்தது. தின்னப் போய்ச் செரிக்காமல் தங்கியதோ, ஒட்டுண்ணியாக நுழைந்ததோ, அண்டை வீட்டு உறவு நெருங்கி நெருங்கி ஒரே வீடானதோ, இன்றைக்கும் விவாதம் உண்டு. ஆனால் புகுந்தது பாக்டீரியா என்பதில் சந்தேகம் இல்லை. இழைமணியின் டி.என்.ஏ. பாக்டீரியாவுடையதைப்போல வளையமாக இருக்கிறது. அதைச் சுற்றி இரட்டைச் சவ்வு. செல் புதிதாக இழைமணி செய்வதில்லை, இருக்கிற இழைமணி பிளந்துதான் இன்னொன்று வரும். 1998-ல் டைஃபஸ் காய்ச்சலை உண்டாக்கும் ரிக்கெட்சியா பாக்டீரியாவின் மரபணுக்களைப் படித்தபோது, அது இழைமணிக்குச் சொந்தக்காரன் என்று தெரிந்தது. வீடு கொடுத்த உயிரின் சொந்தத்தையும் 2015-ல் கண்டுபிடித்தார்கள். நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே கடலடிச் சேற்றில் கிடைத்த லோக்கி ஆர்க்கியா என்ற இனம் அது.

இதற்கு மருந்துக்கடையிலும் ஒரு சாட்சி இருக்கிறது. காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியால் சில குடும்பங்களில் மட்டும் காது கேட்காமல் போகும், அதுவும் தாய்வழியில். காரணம் 1993-ல் தெரிந்தது. இழைமணியின் 1,555-வது எழுத்து மாறியவர்களுக்கு, அந்த உறுப்பு பாக்டீரியாவின் சாயலுக்கு இன்னும் நெருங்கிவிடுகிறது. பாக்டீரியாவைக் கொல்லப் போட்ட மருந்து, பழைய ஜாடை தெரிந்து இழைமணியையும் அடிக்கிறது.

எல்லா நுண்ணுறுப்பும் இப்படி வெளியிலிருந்து வந்தவை அல்ல. உட்கருவைச் சுற்றிய சவ்வும் பிற சவ்வு அறைகளும் செல்லே மடித்துக் கட்டிக்கொண்டவை என்பதே பொதுவான கருத்து. வெளியிலிருந்து வந்தவற்றில் பெரியவை இழைமணியும் பசுங்கணிகமும். பசுங்கணிகத்தின் மூதாதையான நீலப்பச்சைப்பாசிகளைப் பற்றி உலகமே புரட்டும் பெருநூலை எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்து டி.வி. தேசிகாச்சாரி. 1959-ல் வெளிவந்தது.

குடிவருவது இன்றும் நடக்கிறது. எங்கள் ஊர் அவரைக் கொடியில் மொய்க்கும் அசுவினிப் பூச்சியின் செல்களுக்குள் புக்னெரா என்ற பாக்டீரியா பல கோடி வருஷமாகக் குடியிருக்கிறது. அது இல்லாமல் பூச்சி இல்லை, பூச்சி இல்லாமல் அது இல்லை. 2024-ல் இன்னும் ஒரு படி மேலே போய், காற்றின் நைட்ரஜனை உரமாக்கும் ஒரு பாக்டீரியா, கடல்பாசி ஒன்றின் செல்லுக்குள் நுண்ணுறுப்பாகவே மாறிவிட்டதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பாசியை ஜப்பானில் கியோகோ ஹகினோ பத்து வருஷத்துக்கு மேல் பாடுபட்டுத்தான் சோதனைக்கூடத்தில் வளர்த்தெடுத்தார்.

மெட்ரிகுலேஷன் இரண்டு தடவை பெயிலானவர்

குடிவந்தவர் என்ன வாடகை கொடுக்கிறார்? ஏ.டி.பி. என்ற ஆற்றல் நாணயம். இதைக் கண்டுபிடித்ததில் நம் சென்னையில் படித்த ஒருவருக்குப் பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். அன்றைக்கு அது சென்னை மாகாணம். மெட்ரிகுலேஷன் இரண்டு தடவை பெயில். மூன்றாம் தடவை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னபடி கதர் உடுத்தி ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார். பேராசிரியர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பதில் அதற்கும் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கையில் கிடைத்தது. அதோடு அமெரிக்கா போய் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்தார். 1929-ல் இருவரும் தசையில் ஏ.டி.பி. இருப்பதை வெளியிட்டார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே வருஷம் தனியாகக் கண்டுபிடித்தார். யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக வந்து கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் பிற்பாடு சுப்பாராவின் குழுவில் பிறந்ததுதான். 1948-ல் காலமானார். இந்தியத் தபால் துறை 1995-ல் தலை போட்டது. சோற்றை மென்று விழுங்குகிறோம், செல்லுக்குச் சோறு தெரியாது, ஏ.டி.பி. ஒன்றுதான் செல்லுபடியாகும். ஒரு நாளில் நாம் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு ஏ.டி.பி.யை உண்டாக்கிச் செலவழிக்கிறோம். கையிருப்பு கொஞ்சம்தான், அதையே திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்துகொள்கிறோம்.

பாபநாசம் மாதிரி

அதை இழைமணி எப்படிச் செய்கிறது என்று படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அது என் தொழில்.

பாபநாசம் மின்நிலையம் 1944-ல் ஓடத் தொடங்கியது. மேலே தண்ணீரைத் தேக்கி, குழாயில் இறக்கி, டர்பைனைச் சுழற்றுகிறோம். இழைமணியும் இதையேதான் செய்கிறது என்று பீட்டர் மிட்சல் 1961-ல் சொன்னார். பலரும் நம்பவில்லை. 1978-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இழைமணியின் உட்சவ்வுதான் அணை. உணவை ஆக்ஸிஜனோடு சேர்த்து எரிக்கும்போது கிடைக்கும் ஆற்றலைக்கொண்டு புரோட்டான்களைச் சவ்வுக்கு அந்தப் பக்கம் பம்ப் செய்து தேக்குகிறது. தேங்கிய புரோட்டான்கள் ஒரு வாசல் வழியாகத் திரும்ப இறங்கும்போது அங்கே இருக்கும் புரதம் நிஜமாகவே சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று ஏ.டி.பி. விழுகிறது. இந்தச் சுழல் வேலையைப் புரிய வைத்ததற்காக 1997-ல் பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அனல்மின் நிலைய டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று. இது நொடிக்கே நூறு சுற்றுக்கு மேல் போகும்.

சவ்வின் குறுக்கே இருக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆறில் ஒரு பங்குபோல. பேட்டரி செல்லைவிட அற்பம். ஆனால் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். வகுத்துப் பாருங்கள், மீட்டருக்குச் சுமார் 3 கோடி வோல்ட் வருகிறது. காற்றில் மின்னல் வெட்டத் தேவையானதைப்போலப் பத்து மடங்கு. எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

ஏன் பிரிய முடியாது?

ஒரு குளுகோஸ் துணுக்கை இழைமணி இல்லாமல் உடைத்தால் மிஞ்சுவது 2 ஏ.டி.பி. இழைமணியில் எரித்தால் சுமார் 30. பழைய பாடப்புத்தகங்கள் 36, 38 என்று போட்டன, பிறகு கணக்கைத் திருத்திவிட்டார்கள். இந்த வித்தியாசத்தில்தான் இதயத் தசையும் மூளையும் பிழைக்கின்றன.

பாக்டீரியாவும் இதே பம்ப்பை வைத்திருக்கிறது, ஆனால் தன் வெளிச்சவ்வை ஒட்டி. உடம்பு இரண்டு மடங்கு நீளமானால் மேல்பரப்பு நான்கு மடங்கு, கனஅளவு எட்டு மடங்கு. பெரிதாக ஆக ஆகக் கட்டுப்படியாகாது. நம் செல்லோ நூற்றுக்கணக்கான மின்நிலையத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டதால் பெரிதாக முடிந்தது என்று 2010-ல் நிக் லேனும் வில்லியம் மார்ட்டினும் வாதிட்டார்கள். இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. எனக்கு எஞ்சினியர் புத்தி, இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது.

ஆனால் ஆற்றல் மட்டும்தான் காரணம் என்று நினைத்தால் அது பாதிப் பதில். நம் ரத்தச் சிவப்பணுவில் இழைமணி கிடையாது. சுமார் 120 நாள் ஓடிவிட்டுச் செத்துப்போகும், பெருகாது. ஈஸ்ட் ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும், ஆனாலும் இழைமணியை வைத்துக்கொண்டிருக்கிறது. ஏன்? இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு சின்னப் பாகத்தைச் செல்லின் பல புரதங்களுக்கு இழைமணிதான் செய்து கொடுக்கிறது. அந்தப் பாகம் இல்லாவிட்டால் டி.என்.ஏ.வைக்கூடச் சரியாக நகலெடுக்க முடியாது. 2016-ல், சின்சில்லா என்ற கொறித்துண்ணியின் குடலில் வாழும் மோனோசெர்கோமோனாய்டஸ் என்ற ஒற்றைச் செல் உயிரில் இழைமணி அறவே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அது எப்படித் தப்பித்தது? குடலில் உணவு தாராளம், அதனால் ஆற்றலைச் சமாளித்துக்கொண்டது. இரும்பு–கந்தக வேலைக்கு ஒரு பாக்டீரியாவிடமிருந்து மரபணுவைப் பெற்று மாற்று ஏற்பாடு செய்துகொண்டது. அதன் பிறகுதான் இழைமணியைக் கைவிட முடிந்தது. விதிவிலக்கைப் பார்த்தால் விதி தெளிவாகிறது.

இழைமணியாலும் வெளியே போக முடியாது. அதன் முன்னோருக்கு ஆயிரக்கணக்கில் மரபணுக்கள் இருந்திருக்க வேண்டும். பெரும்பகுதி தொலைந்தது, மற்றவை உட்கருவுக்குக் குடிபெயர்ந்தன. இன்றைக்கு இழைமணிக்கு வேண்டிய புரதங்கள் ஆயிரத்துக்கும் மேல், உட்கரு உத்தரவின்படி வெளியே செய்து உள்ளே அனுப்பப்படுகின்றன. வீட்டுப் பத்திரத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்த குடித்தனக்காரர் எங்கே போவார்?

அப்படியிருக்க அந்த 37 மட்டும் ஏன் தங்கின? ஜான் ஆலன் என்ற விஞ்ஞானி சொல்லும் ஒரு கருத்து எங்கள் தொழிலோடு பொருந்துகிறது. லோடு ஏறி இறங்கும்போது டர்பைன் வேகத்தைச் சரிசெய்யும் கவர்னரை மின்நிலையத்திலேயே வைத்திருப்போம். சென்னைத் தலைமையகத்துக்குப் போன் போட்டு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் மிஷின் தாங்காது. அதுபோல, பம்ப்பின் முக்கிய பாகங்களைச் செய்யும் உத்தரவு அந்தந்த இழைமணியிலேயே இருக்க வேண்டியிருக்கிறது என்கிறார். நிரூபணமான முடிவு அல்ல, நல்ல விளக்கம்.

அண்ணனின் 11,778-வது எழுத்து அந்த முதல் பம்ப்பின் ஒரு பாகத்துக்கு உரியது. பார்வை நரம்பின் தொடக்கத்தில், கண்ணுக்குள் இருக்கும் பகுதிக்கு மேலுறை இல்லை. அதனால் ஆற்றல் செலவு அதிகம். நடுப் பார்வைக்கான இழைகள் மெலிந்தவை, அவைதான் முதலில் சாகின்றன. அதனால்தான் நடுவில் மட்டும் கட்டைவிரல் வைத்த மாதிரி மறைந்தது. ஓரப் பார்வை அவனுக்கு இன்றைக்கும் இருக்கிறது.

பெரியம்மாவிடம் சொன்னது

இதையெல்லாம் படித்து முடித்து ஒரு நாள் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பம் எங்கம்மைகிட்டேருந்துதானாய்யா எனக்கு வந்திருக்கும்? அவளுக்குக் கடைசி வரைக்கும் கண்ணு நல்லாத்தான இருந்துச்சு?" என்று கேட்டாள். சரியான கேள்வி. எழுத்து மாறியிருக்கிற எல்லோருக்கும் பார்வை போவதில்லை. நோய் வந்த குடும்பங்களை வைத்துப் போட்ட கணக்கில், ஆண்களில் பாதிப் பேர் வரை, பெண்களில் பத்தில் ஒருவர் அளவு.

"ஆச்சிக்கு அவங்க அம்மை, அவங்களுக்கு அவங்க அம்மை, இப்படியே போகும் பெரியம்மா" என்றேன். அது உண்மை. 1987-ல் ஆலன் வில்சன் குழுவினர் இந்தத் தாய்வழி டி.என்.ஏ.வைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போய், உலகத்து மனிதர் எல்லோருக்கும் பொதுவான ஒரு தாய் ஆப்பிரிக்காவில் சுமார் இரண்டு லட்சம் வருஷத்துக்கு முன்னால் இருந்தாள் என்றார்கள். 2005-ல் ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில், நம் தமிழர் குமாரசாமி தங்கராஜ் குழுவினர் இதே டி.என்.ஏ.வை வைத்துத்தான் அந்தமான் பழங்குடியினரின் தொன்மையைக் கண்டுபிடித்தார்கள். நடுவில் ஏதோ ஒரு தலைமுறையில் ஒரு எழுத்து பிசகியது. இதில் பெரியம்மா செய்த வினை எங்கே இருக்கிறது? அவள் மகனுக்கு உயிரோட்டத்தைக் கொடுத்தாள், அவளுக்கு வந்ததையே கொடுத்தாள். அதை இல்லாமல் பிள்ளை பெற ஒரு தாயாலும் முடியாது.

இதைச் சொன்ன பிறகு ஊர்ப் பேச்சு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரியம்மா மறுபடி கல்யாண வீடுகளுக்குப் போக ஆரம்பித்தாள். 2014-ல் தங்கச்சி கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லித்தான் நடந்தது.

நானும் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். என்னிடமும் அதே எழுத்து இருக்கிறது. ஆபத்து அதிகமான வயதை ஏறக்குறையத் தாண்டிவிட்டேன். என் மகளுக்கு அவள் அம்மாவின் இழைமணி, அதனால் அவளுக்குப் பயமில்லை. என் கூடப்பிறந்தவளுக்கு ஒரு மகன், ஒரு மகள். மருமகன் கல்லூரி வயதுக்கு வரும்போது தாய்மாமன் சீராக நான் சொல்லப்போவது ஒன்றுதான்: சிகரெட்டைத் தொடாதே. புகைப்பதும் மிதமிஞ்சிய குடியும் இந்த எழுத்து உள்ளவர்களின் பார்வைக்கு ஆபத்தைக் கூட்டும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்து என்று பார்த்தால், ஐடிபினோன் என்ற ஒன்றுக்கு ஐரோப்பாவில் 2015-ல் அனுமதி கிடைத்தது. சிலருக்கு ஓரளவு பலன், முழுத் தீர்வு அல்ல. இங்கிலாந்தில் அதே 2015-ல் சட்டம் இயற்றி, கடுமையான இழைமணி நோய் உள்ள தாயின் கரு உட்கருவை வேறொரு பெண்ணின் ஆரோக்கியமான முட்டைக்கு மாற்ற அனுமதித்தார்கள். அந்த முறையில் எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள்.

ஒரு வேண்டுகோள்

அண்ணன் இப்போது கீழப்பாவூரில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறான். கணக்கை அவர்கள் வாசிப்பார்கள், அவன் மனதிலேயே போட்டுச் சொல்லுவான். செல்போன் அவனுக்குப் பேசிக் காட்டும். ஓரப் பார்வையை வைத்துக்கொண்டே காலையில் பெரியகுளத்துக் கரையில் தனியாக நடந்துபோய் வருவான். பறவைகள் கூட்டமாக எழும்பினால், "ஏதோ வெள்ளையா போகுது பாரு, எத்தனைன்னு எண்ணிச் சொல்லு" என்பான்.

இந்தச் சந்திப்புக்கு அவனைக் கூட்டி வருகிறேன். முதலில் வரவில்லை என்றான். "டிகிரி முடிக்காதவனுக்கு அங்க என்னலே வேலை?" என்றான். மலர்க் குழுவினரிடம் கேட்டேன், நம்மோடு படித்தவர் எல்லோரும் நம்மவர்தான் என்றார்கள். சம்மதித்துவிட்டான்.

நண்பர்களே, நடுப் பார்வை இல்லாதவருக்கு முகம் தெரியாது. எதிரே வந்து நின்று சிரித்தால் அவனுக்குத் தெரியாது. அன்றைக்கு வராண்டாவில் நடந்ததும் அதுதான். அதனால் கிட்டே வந்து, உங்கள் பெயரையும் அறை நம்பரையும் சொல்லுங்கள். குரலைக் கேட்டதும் உங்கள் ஹாஸ்டல் பட்டப்பெயர் முதற்கொண்டு அவன் சொல்லுவான். அவனிடம் அன்றைக்கு நான் சொன்ன "சோம்பேறித்தனம்" என்ற வார்த்தைக்கு வீட்டில் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டாயிற்று. நம் கல்லூரியில் வைத்து ஒரு தடவை கேட்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

சந்திப்போம்.